ஓங்கிய கையும் ஓடும் காலும்

திருப்பதியை அடுத்த சேஷாசலக் காடுகளில் 2015 ஏப்ரல் 7 அன்று தமிழகக் கூலித் தொழிலாளர் 20 பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர். செம்மரம் வெட்டியவர்கள் கோடரியாலும் கல்லாலும் தாக்கியதால் தற்காப்புக்காகச் சுட்டதாக ஆந்திரக் காவல்துறை கூறியது. பிடித்துச் சென்று கொன்றதாக உரிமை அமைப்பினர் குற்றஞ்சாட்டினர்.

தன்னுயிர் காப்பது பாவமன்று. கொல்ல வருபவனை 'ஆததாயி' எனச் சாத்திரம் தனித்துச் சுட்டும். பொருளைக் கவர்பவனையும் அதே பட்டியலில் சேர்த்திருக்கிறார்கள். அதை இன்று அப்படியே ஏற்பதற்கில்லை. எதிரே நிற்பவர்கள் ஆததாயிகள் என்றறிந்தும், கொன்றால் பாவம் சூழுமே என்று அர்ஜுனன் கலங்கியதைக் கீதையின் முதல் அத்தியாயத்தில் காண்கிறோம். வெறும் திருட்டுக்காக உயிரைப் பறிக்க நம் சட்டமும் இடந்தராது. கை ஓங்கிய கணத்தில் பிறந்த உரிமை, அவன் திரும்பி ஓடத் தொடங்கியதும் முடிந்துவிடுகிறது.

அந்தக் கணம் எப்படியிருந்தது என்று யார் சொல்வது? சுட்டவர் பேசுகிறார், மாண்டவர் பேசுவதில்லை. ஆகவேதான் இத்தகைய மரணங்களில் முதல் தகவல் அறிக்கை பதிந்து, குற்றப் புலனாய்வுத் துறையோ வேறு காவல் நிலையத்தாரோ விசாரிக்க வேண்டுமென 2014இல் உச்ச நீதிமன்றம் விதித்தது. மெய்யாகவே உயிருக்கு அஞ்சிச் சுட்டவர் இவ்விசாரணையைத் தாமே வேண்டிப் பெறுவார் அல்லவா? கோடரி எங்கே கிடந்தது, குண்டு நெஞ்சில் பாய்ந்ததா முதுகிலா என்பதை அவர் கூசாமல் காட்டலாம்.