மென்பொருள் உருவாக்கத்தில் அறவியல் இடர்: ஹொரைசன் வழக்கை முன்வைத்து ஓர் ஆய்வு

முன்னுரை

மென்பொருள் ஒன்றை உருவாக்க முனையும் நிறுவனம் தொடக்கத்திலேயே இடர்களைக் கணக்கிடுகிறது. குறித்த காலத்தில் பணி முடியுமா, செலவு வரம்பு மீறுமா, கேட்டவர் கேட்டபடி அமையுமா என்பன அக்கணக்கில் எழும் வினாக்கள். இவை யாவும் திட்டத்திற்கு நேரக்கூடிய இடர்கள். திட்டத்தால் பிறருக்கு நேரக்கூடிய இடர்கள் இக்கணக்கில் பெரும்பாலும் இடம்பெறுவதில்லை. இவ்விருவகை இடர்களுக்கும் இடையேயான வேறுபாடு அறவியல் சார்ந்தது. அதனைப் பிரித்தானிய அஞ்சலக நிறுவனத்தின் ஹொரைசன் என்னும் கணக்கு மென்பொருளைச் சான்றாகக் கொண்டு ஆராய இக்கட்டுரை முற்படுகிறது.

தொடர்புடையோர் யார்?

மென்பொருள் திட்டங்களில் ‘தொடர்புடையோர்’ என்னும் சொல் பணம் தருவோர், உருவாக்குவோர், பயன்படுத்துவோர் என்ற அளவில் நின்றுவிடுவதுண்டு. டொனால்ட் கோட்டர்பார்ன், சைமன் ரோஜர்சன் ஆகிய அறிஞர்கள் இவ்வெல்லையை விரித்தனர். மென்பொருள் உருவாக்க விளைவறிக்கை என்று அவர்கள் வகுத்த முறை, திட்டத்தின் ஒவ்வொரு பணியையும் அதனால் பாதிப்புறக்கூடிய ஒவ்வொரு பிரிவினரோடும் இணைத்து, ‘இப்பணி இவர்களுக்குத் தீங்கு செய்யுமா?’ என வினவச் செய்கிறது. ஒப்பந்தத்தில் பெயர் இல்லாதோரும் இவ்வினாவிற்குள் அடங்குவர். 1999-இல் ஏசிஎம், ஐஇஇஇ கணினிக் கழகம் ஆகிய இரண்டும் ஏற்றுக்கொண்ட மென்பொருள் பொறியாளர் அறநெறித் தொகுப்பும் தன் எட்டுக் கோட்பாடுகளுள் பொதுமக்கள் நலனையே முதலாவதாக வைத்தது.

ஹொரைசன் வழக்கு

அதே 1999-இல்தான் ஹொரைசன் பிரித்தானியக் கிளை அஞ்சலகங்களில் நிறுவப்படலாயிற்று. ஐசிஎல் நிறுவனமும் அதனை உள்ளடக்கிக்கொண்ட ஃபுஜித்சுவும் அதன் உருவாக்கத்திற்குப் பொறுப்பேற்றிருந்தன. கிளைகளை ஒப்பந்த முறையில் நடத்திய துணை அஞ்சல் அதிபர்கள் பலரின் கணக்கில், கையில் இல்லாத பணம் இருக்க வேண்டியதாக மென்பொருள் காட்டியது. பற்றாக்குறையை அவர்களே ஈடுசெய்ய வேண்டுமென நிறுவனம் வற்புறுத்தியது. பலர் தம் சேமிப்பை இழந்தனர். 1999 முதல் 2015 வரை 900-க்கும் மேற்பட்டோர் திருட்டு, மோசடி, பொய்க்கணக்கு ஆகிய குற்றங்களுக்காகத் தண்டிக்கப்பட்டனர். 2010-இல் சிறைத்தண்டனை பெற்ற ஒருவர் அப்போது கருவுற்றிருந்தார். இச்சிக்கல் தமக்கு மட்டுமே நேர்வதாகத் தம்மிடம் கூறப்பட்டது எனப் பலர் பின்னர்ச் சாட்சியம் அளித்தனர்.

555 பேர் தொடுத்த வழக்கில், 2019 டிசம்பரில் உயர்நீதிமன்றம் மென்பொருளில் பிழைகள் இருந்தமையை உறுதிசெய்தது. 2021 ஏப்ரலில் மேல்முறையீட்டு நீதிமன்றம் 39 பேரின் தண்டனைத் தீர்ப்புகளை நீக்கியது. 2024-இல் எஞ்சியோர்க்காகத் தனிச்சட்டமே இயற்ற வேண்டியதாயிற்று.

இடர் எங்கு இருந்தது?

பிழையற்ற மென்பொருள் இல்லை. ஆதலின் பிழை இருந்தது என்பதை மட்டும் கொண்டு அறக்குற்றம் சாட்டுதல் பொருந்தாது. மூன்று ஏற்பாடுகளை இங்கு நோக்க வேண்டும். முதலாவது, கணக்கின் அடிப்படைத் தரவுகளைத் துணை அதிபர் தாமே ஆராய இயலாது. இரண்டாவது, உருவாக்கிய நிறுவனத்தார் தொலைவிலிருந்தே கிளைக் கணக்கை மாற்ற இயலும். இவ்வுண்மை நெடுங்காலம் மறுக்கப்பட்டது. மூன்றாவது, 2000 முதல் இங்கிலாந்துச் சட்டம், மாறான சான்று காட்டப்படாதவரை கணினி சரியாக இயங்கியதாகவே கொண்டது. இவற்றோடு, இழப்புற்றதாகக் கூறிய அஞ்சலக நிறுவனமே புலனாய்வு செய்து வழக்கும் தொடுத்தது. இதனால் மெய்ப்பிக்கும் சுமை, மெய்ப்பிக்கும் வழியே இல்லாதவர் தோளில் ஏறியது. அறவியல் இடர் குடிகொண்டிருந்த இடம் இதுவே.

எல்லாப் பிழைகளையும் முன்னறிய இயலாது என்றும், ஒப்படைத்ததோடு உருவாக்கியவர் கடமை முடிந்தது என்றும் சிலர் வாதிடலாம். முதல் வாதம் உண்மையே. எனினும் அறவியல் மதிப்பீட்டிற்குப் பிழையை முன்னறிதல் தேவையில்லை. மென்பொருளின் கூற்றும் மனிதரின் கூற்றும் முரண்பட்டால் எவர் கூற்று நிற்கும், மறுப்பவர்க்கு எச்சான்று கிட்டும் என்னும் வினாக்களை 1999-இலேயே எழுப்பியிருக்க இயலும். இரண்டாம் வாதம் இவ்வழக்கிற்குப் பொருந்தவே இல்லை. உருவாக்கிய நிறுவனம் ஒப்படைத்த பின்னும் மென்பொருளைப் பேணிவந்தது; அதன் பணியாளர் நீதிமன்றங்களில் சான்றும் அளித்தனர். அறிந்த பிழையை மறைக்கும்போது இடர் தீங்காக மாறுகிறது.

சிலம்பு தரும் வெளிச்சம்

தமிழ் மாணவர்க்கு இவ்விடத்தில் சிலப்பதிகாரம் நினைவிற்கு வருதல் இயல்பு. பொற்கொல்லன் சொல்லை ஆராயாது ஏற்றமை பாண்டியனின் பிழை. ஆயினும் கண்ணகி அவையில் நின்று வழக்குரைத்தபோது, தன்வசமிருந்த சிலம்பைக் கொணர்ந்து அவள்முன் வைக்கச் செய்தவனும் அவனே. அவள் அதனை உடைத்தாள். உள்ளிருந்த மாணிக்கம் உண்மையைக் கூறிற்று. குற்றம் சாட்டப்பட்டவர் தரப்பு உடைத்துப் பார்க்கத்தக்க சான்றாக அச்சிலம்பு இருந்தது. துணை அஞ்சல் அதிபர்க்கோ உடைத்துக் காட்டச் சிலம்பு தரப்படவில்லை. அது குற்றம் சாட்டியவர் கையிலேயே இருந்தது.

முடிவுரை

திட்டத்திற்கு நேரும் இடரை மட்டும் அளப்பது வணிகக் கணக்கு. திட்டத்தால் நேரும் இடரை அளப்பதே அறக்கணக்கு. அவ்வளவையில் முதலிடம் பெறத்தக்கவர், திட்டத்தைத் தீர்மானிக்கும் அவையில் இருக்கை இல்லாதோர். அவர்க்கு மறுக்கும் உரிமையும் மறுப்பதற்கான சான்றும் மென்பொருளின் அமைப்பிலேயே வைக்கப்பட வேண்டும். மக்களின் உரிமையும் நற்பெயரும் கணினிப் பதிவை நம்பி நிற்கும் இக்காலத்தில், இதனைப் பொறியியலாரின் தனிச்சிக்கலாகக் கருதி விலகி நிற்றல் அறநூல் பயில்வோர்க்குத் தகாது என்பதே இவ்வாய்வின் முடிபாகும்.