உபயகாரர் இல்லாத வண்டி

கல்ஓயாச் சந்தியில் மட்டக்களப்புப் பாதையை விட்டுப் பிரியும் ரயில், கந்தளாயைத் தாண்டி, தம்பலகாமத்து வயல்வெளிகளை ஊடறுத்துச் சீனக்குடாவுக்கு வந்து சேரும்போதுதான் இந்தப் பாதை எதற்காகப் போடப்பட்டது என்பது விளங்கும். ஒரு பக்கம் துறைமுகம். மறுபக்கம் காட்டுக்குள் எண்ணெய்த் தாங்கிகள். கரையோரம் 1980 முதல் மாவரைத்துக்கொண்டிருக்கும் பிறீமா ஆலை. 1927இல் திறக்கப்பட்ட இந்தப் பாதையில் ஆட்கள் ஏறி இறங்கினார்கள், கலியாணத்துக்கும் செத்த வீட்டுக்கும் போய்வந்தார்கள். என்றாலும் அது முதலில் சுமைக்காக வந்த பாதை. கரிக்கோச்சி போய் டீசல் வந்தது. திருகோணமலைக் கடற்படைத் தளத்தை 1957இல் பிரித்தானியர் கையளித்துவிட்டுப் போனார்கள். சுமைகள் மாறின, பாதை கிடந்தது.

அந்தத் தாங்கிகளைப் பற்றி முதலில் சொல்லவேண்டும். இன்று மிஞ்சியிருப்பவை 99. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் வந்த அன்று, அடிபட்ட விமானமொன்று ஒரு தாங்கியின் மேல் விழுந்து நாட்கணக்கில் எரிந்ததாகச் சொல்வார்கள். மிஞ்சியவற்றில் பெரும்பாலானவை அதன்பின் பல தசாப்தங்கள் எண்ணெயும் இல்லாமல் ஆளும் இல்லாமல் காட்டுக்குள் நின்றன. 2022 ஜனவரியில் செய்யப்பட்ட உடன்படிக்கையில் 14 தாங்கிகள் லங்கா ஐஓசிக்கு, 24 பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, 61 இரண்டும் சேர்ந்த கூட்டு நிறுவனத்துக்கு என்று பங்கு பிரித்தார்கள். பங்கு பிரிக்க ஏதோ மிஞ்சியிருந்தது என்பதுதான் எனக்கு வியப்பு. எவரும் காப்பாற்றாததால் அவை மிஞ்சின. உடைத்துப் பழைய இரும்பாக விற்கக்கூட அங்கே போக முடியாத காலம் ஒன்று இருந்தது. இந்த மாவட்டத்தின் மிகச் சிறந்த காப்பாளர் அலட்சியம்தான் என்று சில வேளை தோன்றும்.

பழைய வண்டிகளின் கதைகளிலும் இந்தக் காப்பாளர் அடிக்கடி வருவார். பஞ்சாப்பின் பட்டியாலா சமஸ்தானத்தில் 1907இல் ஒற்றைத் தண்டவாள ரயில் ஒன்று ஓடத் தொடங்கியது. பெரும் பாரத்தை அந்த ஒற்றைத் தண்டவாளம் தாங்க, பக்கத்து வீதியில் உருளும் இன்னொரு சக்கரம் வண்டியைச் சாயாமல் பிடிக்கும். 1927இல், திருகோணமலைக்கு ரயில் வந்த அதே ஆண்டில், அது நின்றுபோனது. முப்பத்தைந்து ஆண்டுகள் கழித்து மைக்கல் சேட்டோ என்ற ஆங்கிலேயர் பட்டியாலாவின் அரசுக் கொட்டகையொன்றில் அதன் மிச்சங்களைக் கண்டார். அமிர்தசரஸ் ரயில்வே பட்டறையில் பழுதுபார்க்கப்பட்டு, இன்று அது டெல்லி தேசிய ரயில் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இவ்வளவு காலமும் அதைக் காத்தது, கொட்டகையைத் துப்புரவாக்க எவருக்கும் மனம் வராததுதான்.

ஆனால் அலட்சியத்துக்கு ஒரு தவணை உண்டு. தடித்த உருக்குத் தாங்கிக்கு அது நூறு ஆண்டாக இருக்கலாம். மரத்தால் செய்த பயணிகள் பெட்டிக்குப் பத்துக்கும் குறைவு. கடல் அருகென்றால் இன்னும் குறைவு. திருகோணமலையில் வைகாசி தொடங்கிக் கச்சான் அனலாக அடிக்கும். தேக்குப் பலகைகள் வற்றிச் சுருங்கி மூட்டுகள் வாய் திறக்கும். பிறகு வாடை மழை வந்து அந்த வாய்களில் இறங்கும். பெட்டி கெடுவது வெளியில் தெரியும் இடத்தில் அல்ல. யன்னல் பலகை கீழே இறங்கி மறையும் உள்ளறை இருக்கிறதல்லவா, மழைத்தண்ணீர் அங்கேதான் போய்த் தேங்கும். அதற்குக் கீழே ஓடும் அடிச்சட்டம் முதலில் உளுக்கும். அடுத்தது கதவு நிலைகளின் கால். அடுத்தது கழிப்பறையின் கீழ்த்தளம். பூச்சு பளபளவென்று இருக்கும். விரலால் அழுத்தினால் உள்ளே போகும்.

இரும்புக்கு வேறு நோய். வண்டியின் பாரம் முழுவதும் அச்சின் இரு முனைகளில், எண்ணெயில் ஊறிய வெள்ளீயத் தாங்கிகளின் (பேரிங்குகளின்) மேல் இருக்கிறது. ஓடும் வரைக்கும் எண்ணெய் சுற்றிவரும், அச்சு மினுங்கும். நிறுத்திவைத்தால் எண்ணெய் வடிந்துவிடும், அச்சுப் பெட்டிக்குள் தண்ணீர் ஏறும், அச்சு சொரசொரத்துப் போகும். பிறகு எந்த நல்ல நாள் பார்த்து இழுத்தாலும் அது சூடேறித் தாங்கியை உருக்கிவிடும். பழைய பட்டறைக்காரர் எவரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்: தேய்ந்து கெட்ட வண்டியைத் திருத்தலாம், நின்று கெட்ட வண்டியோடு மல்லுக்கட்டவேண்டும்.

நமது நாட்டில் பழைய வண்டிகளுக்கு ஓர் இடம் இல்லாமல் இல்லை. ரயில் சேவையின் 150ஆவது ஆண்டை ஒட்டி 2014இல் கடுகண்ணாவையில் தேசிய அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. நீராவி இயந்திரங்கள், பெட்டிகள், சமிக்ஞைக் கருவிகள் என்று நல்ல தொகுப்பு. பிள்ளைகளைக் கூட்டிப்போகலாம், போகவேண்டும். ஆனால் அங்கே நாம் விருந்தாளிகள். பார்த்துவிட்டு, படம் எடுத்துவிட்டு, வெளியே வந்து பலகாரம் வாங்கித் தின்றுவிட்டுப் போகிறவர்கள். ஒரு வண்டியின் ஆயுள் அதைப் பார்க்க எத்தனை பேர் வருகிறார்கள் என்பதில் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. பார்வையாளர் தொகை அமைச்சருக்குப் பயன்படும், அடிச்சட்டத்துக்குப் பயன்படாது.

கொழும்பிலிருந்து அம்பேபுஸ்ஸவுக்கு நமது முதல் ரயில் ஓடியது 1864 டிசம்பர் 27ஆம் திகதி. அடுத்த ஆண்டு, பிரித்தானியாவின் வேல்ஸ் மலைப்பக்கத்தில், கற்பலகைச் சுரங்கத்துக்காகத் தாலிலின் என்ற குறும்பாதை ரயில் தொடங்கியது. 1950இல் அதன் முதலாளி இறந்தபோது ஓடக்கூடிய இயந்திரம் ஒன்றே ஒன்று: 1866இல் செய்த டோல்கோக். சிலிப்பர் கட்டைகள் உக்கிப்போய், தண்டவாளத்தைப் புல்தான் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று சொல்லும் நிலை. ரோல்ட் என்ற எழுத்தாளர், பொறியியல் படித்தவர், பேர்மிங்காமில் ஒரு கூட்டம் கூட்டினார். 1951 மே மாதத்தில் தொண்டர்கள் வண்டியை ஓட்டினார்கள். உலகில் தொண்டர் கையேற்று நடத்திய முதல் ரயில் அதுதான். இன்றும் ஓடுகிறது. கடலுக்கு அப்பால், அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில், 1939இலேயே சில இளைஞர்கள் 150 டொலர் சேர்த்து, உடைக்கப் போகும் 31ஆம் இலக்கத் திறந்த டிராம் ஒன்றை வாங்கி ஒரு வயலில் நிறுத்தினார்கள். ஓட்டத் தண்டவாளம் இல்லை, மின்சாரம் இல்லை. அங்கே இன்று பெரிய டிராம் அருங்காட்சியகம் இருக்கிறது.

இவர்களை எழுதுகிறவர்கள் எல்லோரும் ஆசை, பைத்தியம், காதல் என்றே எழுதுகிறார்கள். நான் அதை முழுக்க நம்பவில்லை. ஆசை ஒரு பெட்டியை வாங்கிவிடும். முதல் மாதம் துருச் சுரண்டவும் வைக்கும். ஆறாவது வருடம், மழைபெய்யும் சனிக்கிழமை காலை, ஒரு மனிதன் வீட்டைவிட்டு வந்து அச்சுப் பெட்டிக்குள் கைவிட்டு எண்ணெய் பார்ப்பது ஆசையால் அல்ல. அன்று அவன் முறை. அவன் போகாவிட்டால் இன்னொருவன் கேட்பான். இந்தப் பெட்டி இந்தக் குழுவுக்கு, இந்த வேலை இந்த ஆளுக்கு, இந்தச் சனி உனக்கு, அடுத்தது எனக்கு. தொண்டர் ரயில்கள் எல்லாவற்றிலும் உள்ளே போய்ப் பார்த்தால் இந்த முறைப் பட்டியல்தான் நடுவில் தொங்கும்.

இது நமக்குத் தெரியாத சங்கதி அல்ல. கோயில் திருவிழாவில் முதலாம் நாள் ஒரு குடும்பத்தின் உபயம், நாலாம் நாள் ஒரு தொழில் செய்வோரின் உபயம், தேர் ஓர் ஊருக்கு, தீர்த்தம் இன்னோர் ஊருக்கு. வெளிநாட்டில் இருக்கிற பேரனும் தன் வீட்டு உபயத்துக்குக் காசு அனுப்புவான். அவன் பக்தனா இல்லையா என்று எவரும் விசாரிப்பதில்லை. பக்தி கூடும், குறையும். முறை ஆண்டுதோறும் வந்து கதவைத் தட்டும்.

பழசு எது, புதிசு எது என்ற சண்டையையும் நாம் எப்போதோ தீர்த்துவிட்டோம். திருவாரூர் ஆழித்தேரை எடுத்துக்கொள்ளுங்கள். நீண்ட காலம் ஓடாமல் நின்ற அந்த மலைபோன்ற மரவண்டிக்குத் திருச்சி பெல் நிறுவனத்தார் இரும்புச் சக்கரமும் அச்சும் ஹைட்ரோலிக் பிரேக்கும் செய்து பொருத்தி 1970இல் ஓடவிட்டார்கள். இது அசல் தேரா என்று வடம் பிடித்தவர் எவரும் கேட்கவில்லை. கேட்டிருக்க நேரமும் இருந்திராது. கோணேசர் மலையில் போர்த்துக்கேயர் 1620களில் கோயிலை இடித்துக் கோட்டைக்குக் கல் எடுத்தார்கள். 1950இல் கிணறு தோண்டும்போது பழைய திருவுருவங்கள் சில வெளிவந்தன. 1956இல் ஆர்தர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் மலையடிக் கடலில் மூழ்கி இடிபாடுகளைப் படமெடுத்தார்கள். அதே மலையில் இன்று நிற்கும் கோயில் புதிசு. அதற்குள் போகிறவர் பழைய கோயிலுக்குத்தான் போகிறார். பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மூர்த்தியைப் பாலாலயத்தில் வைத்துவிட்டுத் திருப்பணி செய்து குடமுழுக்கு நடத்தவேண்டும் என்பது விதி. பிரித்தானியாவின் தொண்டர் ரயில்களில் நீராவி இயந்திரத்துக்குப் பொதுவாகப் பத்து ஆண்டுத் தவணை. முடிந்ததும் கொதிகலனை இறக்கி, குழாய்களை உருவி, சோதித்துத் திரும்ப ஏற்றவேண்டும். கழற்றிப் பூட்டுவதற்கென்றே நாள் குறித்துவைத்த இரண்டு கூட்டங்கள் ஒன்றையொன்று அறியாமல் ஒரே இடத்துக்கு வந்திருக்கின்றன.

அப்படியானால் வண்டிக்கு ஏன் இங்கே உபயகாரர் இல்லை? ரயில் அரசாங்கத்துடையது என்பது ஒரு காரணம். மற்றக் காரணம் கசப்பானது. வடக்கே 1990இல் யாழ்தேவி ரயில் நின்ற பிறகு தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும் பதுங்குகுழிகளுக்குப் போயின. ஒரு தலைமுறை ரயிலைப் பார்க்காமலே வளர்ந்தது. 2014இல் யாழ்ப்பாணத்துக்குப் புதுப் பாதையில் புது வண்டி வந்தபோது, பழையதில் ஒன்றைக் கேட்டு வாங்கி வைக்கவேண்டும் என்று எவருக்கும் படவில்லை. உயிரைக் காப்பாற்றி முடித்தவர்களிடம் யன்னல் சட்டத்தைக் காப்பாற்றவில்லையே என்று கேட்பது நியாயமும் அல்ல.

கிழக்கில் பாதை இருக்கிறது. சாரதிகள், காவலர்கள், கடவை காத்தவர்கள், பாதை செப்பனிட்ட கூலிகள் என்று ஓய்வுபெற்றவர்கள் இருக்கிறார்கள். தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் மூவருமே. ஒரு பழைய பெட்டியைச் சீனக்குடாவில் பக்கப்பாதை ஒன்றில் கொண்டுவந்து விட்டால் முதலில் நடக்கப்போவது சண்டை. எந்த ஆண்டு நிறம் பூசுவது? வெள்ளைக்காரன் காலத்ததா, சுதந்திரத்துக்குப் பிந்தியதா? பெயர்ப்பலகையில் எந்த மொழி மேலே? யுத்த காலத்துக் குண்டுத் துளை இருந்தால் அதை அடைப்பதா, விடுவதா? இந்தக் கேள்விகளுக்குப் பயந்தே இப்படியான வேலைகளை இங்கே பலர் தொடுவதில்லை. நான் இதை மாற்றிப் பார்க்கிறேன். உபயச் சண்டை வராத கோயில் உண்டா? நாலாம் நாள் எங்களுடையது என்று வழக்குப் போடுகிறவன் அந்தக் கோயிலை ஒருநாளும் பாழடைய விடமாட்டான். உரிமை கேட்டு முரண்டுபிடிக்க மூன்று பேர் இருக்கிற பெட்டிக்கு, துருச் சுரண்டவும் மூன்று பேர் இருப்பார்கள். எல்லோரும் மரியாதையாக ஒதுங்கி நிற்கிற பெட்டிதான் உளுத்துக் கொட்டும்.

நிறத்தைப் பற்றிய பேச்சை இரண்டாம் வருடத்துக்குத் தள்ளிவைக்கலாம். உலகெங்கும் பெட்டி திருத்துகிறவர்கள் முதலில் பார்ப்பது தண்ணீர் எங்கே இறங்குகிறது என்பதைத்தான். திருகோணமலையில் அந்த வேலைக்குச் சித்திரையிலிருந்து புரட்டாசி வரை காலம் இருக்கிறது. ஆறு மாதம், இருபத்தைந்து சனிக்கிழமைக்குக் கொஞ்சம் கூட. வாடை பிடிப்பதற்குள் கூரையில் தார்ச்சீலை ஒட்டி, பீலிகளைத் துப்புரவாக்கி, யன்னல் உள்ளறைகளின் வடிகால் துளைகளைக் கம்பி விட்டுத் திறந்துவிடவேண்டும். கூரை யாருக்கு, யன்னல் யாருக்கு என்று முதல் சனியே எழுதி ஒட்டிவிட்டால் நல்லது.