சபையில் இடம் கேட்போரின் கடன்

1962 நவம்பரில் இந்திய-சீன எல்லையில் துப்பாக்கிகள் ஓய்ந்து ஒரு மாதம் ஆவதற்குள், கொழும்பில் ஆறு நாடுகள் கூடின. இலங்கை, பர்மா, கம்போடியா, இந்தோனேசியா, கானா, எகிப்து. கூட்டியவர் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்க. மாநாட்டின் யோசனைகளை எடுத்துக்கொண்டு அடுத்த மாதமே அவர் பீக்கிங்குக்கும் புது தில்லிக்கும் போனார். சுமார் ஒரு கோடிப் பேர் வாழ்ந்த தீவு, உலகின் மிகப் பெரிய இரண்டு மக்கள்தொகைகளுக்கு நடுவே நின்று பேசியது. எல்லைச் சிக்கல் தீரவில்லைதான். ஆனாலும் அந்தப் பயணத்தைக் குறைத்து மதிப்பிட ஒன்றுமில்லை.

இலங்கை அதோடு நிற்கவுமில்லை. இந்தியப் பெருங்கடலை அமைதி மண்டலமாக அறிவிக்கும் தீர்மானத்தை ஐ.நா. பொதுச்சபை 1971 டிசம்பரில் ஏற்றதற்கு அதன் முயற்சி முக்கியக் காரணம். கடல் சட்டத்துக்கான மூன்றாம் ஐ.நா. மாநாட்டுக்கு, 1980இல் இறக்கும்வரை, இலங்கையரான ஷர்லி அமரசிங்க தலைமை வகித்தார். 1976 ஆகஸ்டில் அணிசேரா நாடுகளின் உச்சி மாநாடு கொழும்பில் நடந்தது. இந்த முயற்சிகளுக்கெல்லாம் அடியில் ஓர் அறக்கோரிக்கை இருந்தது. வல்லரசுகளின் போர்க்கப்பல்கள் எங்கள் கடலில்தான் உலவுகின்றன, கடலடிச் செல்வத்தைப் பங்கிடும் சட்டம் எங்களையும் கட்டப்போகிறது, ஆகவே முடிவெடுக்கும் சபையில் எங்களுக்கும் குரல் வேண்டும் என்பதே அது. இது நியாயமான கோரிக்கை. பரப்பளவும் படைபலமும் ஒருவரின் துன்பத்துக்கு அளவுகோல் ஆக முடியாது.

சிறிமாவோவின் சமாதானப் பயணத்துக்கும் ஓர் ஒப்பந்தத்துக்கும் இடையே இரண்டு ஆண்டுகள்கூட இல்லை. 1964 அக்டோபர் 30 அன்று அவரும் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் தில்லியில் அதில் கையெழுத்திட்டார்கள். இலங்கையின் மலையகத் தோட்டங்களில் நாடற்றவர்களாக இருந்த 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்கும்; 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தரும்; மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்று முடிவானது. பிறகு, 1974இல், அந்த மீதியையும் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். தேயிலைக் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த எவரிடமும் போகச் சம்மதமா, இருக்கச் சம்மதமா என்று கையெழுத்துக்கு முன் யாரும் கேட்கவில்லை. தோட்டத் தொழிலாளர் தலைவர் தொண்டமானின் எதிர்ப்பும் எடுபடவில்லை.

அந்த மக்கள் எங்கிருந்து போனவர்கள்? மதுரை, ராமநாதபுரம், திருநெல்வேலி, திருச்சிச் சீமைகளிலிருந்து, மழை பொய்த்த ஆண்டுகளில் கங்காணிகளின் பின்னால் நடந்தவர்களின் பேரப்பிள்ளைகள் அவர்கள். இன்றைய விருதுநகர் மாவட்டம் 1985 வரை ராமநாதபுரம் மாவட்டத்துக்குள்தான் இருந்தது. சாத்தூர், சிவகாசிப் பக்கத்து வறண்ட காடுகளும் அந்தச் சீமையே. ஒப்பந்தம் கையெழுத்தானபோது ஆளுங்கட்சியின் அகில இந்தியத் தலைவராக இருந்த காமராஜர் விருதுநகர்க்காரர். சாஸ்திரி பிரதமராவதில் அவருடைய பங்கு பெரிது. சொந்த மண்ணின் மனிதர் அவ்வளவு உயரத்தில் இருந்த காலத்திலும் அந்த மண்ணிலிருந்து போனவர்களின் வாழ்வு எண்ணிக்கையாக மட்டுமே பேசப்பட்டது என்பது ஆறாத வருத்தம்.

உள்ளே இத்தனை பேரின் வாயை அடைத்த நாட்டுக்கு, வெளியே குரல் கேட்கும் தகுதி உண்டா? இல்லை என்று சட்டெனச் சொல்லிவிடத் தோன்றும். அப்படிச் சொல்வது தவறு. கறையில்லாதவர்தான் பேசலாம் என்று விதி வைத்தால் உலக சபையில் முதலில் வாய் மூட வேண்டியவை வல்லரசுகளே. விதியோ சிறியவர்கள்மேல்தான் பாயும். இலங்கையின் அச்சத்தையும் எண்ணிப் பார்க்க வேண்டும். வெள்ளையர் தங்கள் தோட்டங்களுக்காகக் குடியேற்றிய மக்கள், பாக் நீரிணைக்கு அப்பால் பெரிய அண்டை நாடு, அதன் நிழலில் தங்கள் அடையாளம் கரைந்துவிடுமோ என்ற கலக்கம். அந்தக் கலக்கம் பொய்யல்ல. ஆனால் 1948இன் குடியுரிமைச் சட்டம் அந்தக் கலக்கத்தின் விலையை, தீவிலேயே மிகவும் பலவீனமான மக்களின் தலையில் கட்டியது. இங்கேதான் இலங்கையின் வாதம் அதன்மீதே திரும்புகிறது. பாதிக்கப்படுவோரைக் கேட்டு முடிவெடுங்கள் என்று சொல்கிறவர் அந்தச் சொல்லால் தானும் கட்டுப்படுகிறார். உரிமை பறிபோவதில்லை, கடன் கூடுகிறது.

இந்தக் கடன் நாடுகளுக்கு மட்டும் உரியது அல்ல. 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சரவெடிக்குத் தடை விதித்தது. பேரியம் உப்புகளும் கூடாது என்றது. தில்லிக் குழந்தைகளின் மூச்சைக் காக்க வந்த தீர்ப்பு அது. அந்த அக்கறையில் குறை காண முடியாது. எங்கள் பிழைப்பையும் கேட்டுவிட்டு முடிவெடுங்கள் என்று சிவகாசி மன்றாடியதிலும் குறை இல்லை. சரம் பின்னிக் கூலி வாங்கிய பெண்களின் பெயரால்தான் அந்த மன்றாட்டு நடந்தது. அதே பெண்கள் வேலை செய்யும் ஆலையில் உரிமம் ஒருவர் பெயரிலும், நடத்துவது உள்குத்தகைக்கு எடுத்த வேறொருவராகவும் இருக்கும்போது, ஓர் அறைக்கு இத்தனை பேர்தான் என்ற விதி தீபாவளி நெருங்க நெருங்க நெகிழும்போது, அவர்களின் பேச்சு எந்த அறையில் ஏறுகிறது? 2012 செப்டம்பரில் சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் பட்டாசு ஆலை வெடித்து முப்பதுக்கும் மேற்பட்டோர் கருகினார்கள். அதற்குப் பிறகும் விபத்துகள் ஓயவில்லை. தொழிலாளியைக் காட்டி நீதி கேட்கும் தொழில், மருந்து கலக்கும் அறைக்குள் அதே தொழிலாளி வேண்டாம் என்று சொல்ல முடிகிற நிலையை உண்டாக்கியாக வேண்டும்.

இலங்கை அந்தக் கடனில் ஒரு பகுதியைத் தாமதமாகவேனும் அடைத்தது; எஞ்சிய நாடற்ற மலையக மக்களுக்கு 2003இல் சட்டம் இயற்றிக் குடியுரிமை தந்தது. ஒப்பந்தத்தின் மறுகை இந்தியாவுடையது. இனக்கலவரத்துக்கும் போருக்கும் தப்பி 1983க்குப் பின் படகேறி வந்தவர்களில் மலையக வழியினரும் உண்டு. சிவகாசியை அடுத்த அனுப்பன்குளத்திலும், விருதுநகர் மாவட்டத்தின் குல்லூர்சந்தையிலும் இலங்கைத் தமிழர் முகாம்கள் இன்றும் இருக்கின்றன. 2021இல் தமிழக அரசு அவற்றுக்கு மறுவாழ்வு முகாம் என்று பெயர் மாற்றியது. முகாம்களில் வாழும் மலையக வழியினர் சிலரின் குடியுரிமைக் கோரிக்கையைப் பரிசீலிக்கும்படி சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2019 ஜூனில் சொன்னது. அதே ஆண்டு டிசம்பரில் நிறைவேறிய குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளோடு நின்றுவிட்டது.

ஐ.நா. பாதுகாப்பு அவையில் நிரந்தர இடம் வேண்டும் என்று இந்தியா கேட்கிறது. கேட்கப்படாத தென்னுலகின் குரலாகத் தன்னை முன்வைக்கிறது. கொழும்பு அன்று வைத்த வாதம்தான் இது, இன்று தில்லியின் வாயில். இந்த மண்ணில் பிறந்து, இங்கேயே பள்ளிக்கூடம் போய், முகாம் பதிவேட்டில் மட்டும் பெயர் இருக்கிற ஒரு தலைமுறையிடம் அதே தில்லி இன்னும் நேராகப் பேசவில்லை.