மிச்சம் பிடித்த நீர் யாருக்கு?



சிக்கனம் நற்பண்பு என்பதில் நம்மிடையே கருத்து வேற்றுமை இல்லை. ஆனால், சிக்கனத்தால் மிஞ்சும் பொருள் யாருக்கு உரியது என்று நாம் கேட்பது அரிது. யாழ்ப்பாணத்துத் தோட்டங்களுக்கு வந்துள்ள இரண்டு முறைகள் இக்கேள்வியை நம் வேலிக்குள்ளேயே கொண்டுவந்து நிறுத்தியுள்ளன. ஒன்று சொட்டு நீர்ப்பாசனம். மற்றது பாத்திக்குப் பொலித்தீன் விரித்து மரக்கறி நடுவது.

இவற்றின் நன்மையை முதலில் ஒப்புக்கொள்வோம். வாய்க்கால் வழியே இறைக்கும்போது பயிருக்கும் களைக்கும் ஒருசேர நீர் போகிறது. சொட்டுக் குழாயோ மணிக்கு 2 அல்லது 4 லீற்றர் வீதம் கத்தரியின் அடியிலும் மிளகாயின் அடியிலும் மட்டும் ஈரத்தை வைக்கிறது. அதன்மேல் விரித்த கரும் பொலித்தீன் வெளிச்சத்தை மறைத்துக் களையை எழவிடாது. வெயில் ஈரத்தைக் கொண்டுபோகவும் விடாது. மண் தெறித்து இலையில் நோய் பற்றுவதையும் குறைக்கும். கூலியாள் கிடைப்பது அரிதான இந்நாளில், முதுகொடியக் களை பிடுங்கும் நம் தாய்மாருக்கு இது சிறிய உபகாரம் அன்று.

இனிக் கேள்விக்கு வருவோம். குடாநாட்டில் வற்றாத ஆறு இல்லை. மாரி மழை சுண்ணக்கல்லின் வெடிப்புகளில் இறங்கித் தேங்குகிறது. அந்த நன்னீர் கீழேயுள்ள கடல்நீரின்மேல் ஒரு வில்லைபோல மிதக்கிறது. அளவுக்கு மிஞ்சி இறைத்தால் உவர் ஏறும். ஏறும் உவர் இறைத்தவன் கிணற்றோடு நின்றுவிடுவதில்லை. அயலவனின் குடிநீர்க் கிணற்றையும் தொடும். கிணறு என்னுடையதாகலாம், அதன் அடியில் உள்ள நீர் எனக்கு மட்டும் உரியதன்று.

நம் முன்னோர் இதை அறிந்திருந்தனர். காணி உறுதிகளில் கிணற்றுப் பங்கும் வழிவாய்க்கால் உரிமையும் எழுதப்பட்டிருப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பங்குக் கிணற்றில் முறை வைத்தே இறைத்தார்கள். துலா மிதித்த காலத்தில் மனிதனின் களைப்பே ஆசைக்கு எல்லை கட்டியது. இறைப்பு மெஷின் வந்ததும் அந்த எல்லை அகன்றது.

பத்துப் பரப்புக்கு இறைத்த நீரில் பாதி மிஞ்சியது என வைத்துக்கொள்வோம். அதைக் கொண்டு தரிசாய்க் கிடந்த இன்னும் பத்துப் பரப்பையும் நட்டால் கிணற்றுக்கு மிஞ்சியது என்ன? ஒன்றுமில்லை. இன்னும் சொன்னால், முன்பு பாத்தியில் மிகையாக விட்ட நீரில் ஒரு பங்கு, உரத்தின் நைத்திரேற்றைச் சுமந்துகொண்டாயினும், மீண்டும் நிலத்தடிக்கே இறங்கியது. இப்போது அதுவும் இறங்காது. 1865இல் ஆங்கிலேயப் பொருளியலாளர் வில்லியம் ஸ்டான்லி ஜெவன்ஸ், நிலக்கரியைச் சிக்கனமாக எரிக்கும் எந்திரம் நிலக்கரிச் செலவைக் கூட்டவே செய்யும் என்று எழுதினார். கரிக்குச் சொன்னது கிணற்றுக்கும் பொருந்தும்.

"குழாய்க்குக் காசு கொடுத்தவன் நான், பயன் எனக்கில்லையா?" என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. களைக்கூலி குறைகிறது, மெஷினுக்கு எண்ணெய்ச் செலவு குறைகிறது, விளைச்சல் கூடுகிறது: இவையெல்லாம் அவருக்கே உரியவை. ஆனால் நீர் அவர் காசால் உண்டானதன்று. உடைமை தனியாருடையதாக இருந்தாலும் அதன் பயன் பொதுவாக அமைய வேண்டும் என்பது அரிஸ்டோட்டில் 'அரசியல்' நூலில் கொண்ட நிலை. நிலத்துக்கே அது பொருந்துமாயின், வேலி போட முடியாத நீருக்கு எவ்வளவு பொருந்தும்! பிள்ளைகளின் படிப்புச் செலவுக்காக இரண்டு பரப்புக் கூட்டி நடும் ஏழையைக் குற்றவாளி ஆக்குவது நம் நோக்கமன்று. கூட்டுமுன் அயலாரோடு இருந்து பேசுங்கள் என்பதே நாம் சொல்வது.

பொலித்தீனிடமும் இதே கேள்விதான்: பயன் எனக்கு, எச்சம் யாருக்கு? பூவரசங் குழையும் வைக்கோலும் மண்ணை மூடியிருந்து, மக்கி, உரமாகும். பொலித்தீன் மக்காது, துணுக்குகளாகி மண்ணிலேயே கிடக்கும். சீனாவில் இதனால் வயல்கள் கெட்டதை 'வெண்மாசு' என்றே அழைத்தார்கள். மெல்லிய விரிப்பை முழுதாய் எடுக்க முடியாது என்று கண்டு, 2017இல் வெளியிட்ட தரவிதியில் அதன் குறைந்த தடிப்பை 0.008 மில்லிமீற்றரிலிருந்து 0.010 ஆக உயர்த்தினார்கள். வேலியோரத்தில் போட்டுக் கொளுத்தினாலோ, அந்த நச்சுப்புகை அயல்வீட்டுக் குழந்தையின் நெஞ்சுக்குள் போகிறது.

ஆகவே, வாசகர்களே, புதிய முறையை ஒதுக்க வேண்டாம். விரிப்பு வாங்கும்போது தடித்ததை வாங்குங்கள். அறுவடை முடிந்ததும் அதைக் கிழியாமல் சுருட்டி எடுக்கும் கூலியையும் நடுகைச் செலவிலேயே சேர்த்துக்கொள்ளுங்கள். மிஞ்சிய நீரில் ஒரு பங்கையாவது கிணற்றுக்கே விட்டுவையுங்கள். அந்தப் பங்கு யார் பெயரிலும் எழுதப்படாது. கோடை முற்றும்போது அயலவன் கிணற்றில் நல்ல தண்ணீராக நிற்கும்.