வராதவன் அவுட் ஆக மாட்டான்

கபடியில் ஒரு விதி உண்டு. ஆடியவர்களுக்கு அது உடம்பிலேயே ஊறியிருக்கும், பார்ப்பவர்கள் பெரும்பாலும் கவனிப்பதில்லை. பாடி வருகிறவனைப் பிடித்துவிட்டீர்கள். அவன் திமிறி, உங்களையும் இழுத்துக்கொண்டு போய், நடுக்கோட்டில் ஒரு விரலை வைத்துவிட்டான். அவ்வளவுதான், அவன் மேல் கை பட்ட அத்தனை பேரும் அவுட். மூன்று பேர் விழுந்து பிடித்திருந்தால் மூன்று பேரும் வெளியே. தள்ளி நின்று வேடிக்கை பார்த்தவன் மட்டும் உள்ளே இருப்பான்.

யோசித்துப் பார்த்தால் விபரீதமான விதி. உதவிக்குப் போகிறவனுக்குத் தண்டனை, போகாதவனுக்குப் பாதுகாப்பு. ஆனாலும் எல்லா டீமிலும் போகிறார்கள். ஏன் போகிறார்கள் என்று பல வருஷமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். ஒரு தடவை நான் ஏன் போகவில்லை என்பதையும் சேர்த்துத்தான்.

குருவிகுளம் பக்கம் முழுக்கக் கரிசல். கோடையில் காலை விட்டால் மாட்டிக்கொள்ளும் அளவுக்கு வெடித்துக் கிடக்கும், மழை பெய்தால் செருப்பைப் பிடுங்கிக்கொள்ளும். அதனால் எங்கள் பக்கத்தில் கபடிக் களம் போடுவது என்றால் முதலில் ரெண்டு டிராக்டர் செம்மண் அடிக்க வேண்டும். சுற்றிலும் கம்பு நட்டு டியூப்லைட் கட்டினால் 'மாபெரும் மின்னொளி கபடிப் போட்டி' தயார். கழுகுமலையைத் தாண்டிக் கோவில்பட்டிக்குப் போனால் ஹாக்கி மட்டைதான் பேச்சாக இருக்கும். எங்களுக்கு மட்டை வாங்கக் காசு இல்லை என்று சொல்வார்கள். அது பாதி உண்மை. மட்டை இல்லாமல் ஒருத்தன் மேல் ஒருத்தன் விழுந்து ஆடுவதில் ஒரு ருசி இருக்கிறது, அது மீதி உண்மை.

களம் 13 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். அதில் பாதிதான் ஒரு டீமுக்கு. ஏழு பேர் நிற்பார்கள். ரெண்டு கடைசியிலும் நிற்கிறவர்கள் கார்னர். கார்னரை ஒட்டி இன், அதற்கடுத்து கவர், நடுவில் சென்டர். கார்னருக்குப் பின்னால் ஒரு கோடு, பக்கத்தில் ஒரு கோடு. கால் கொஞ்சம் பிசகினால் யாரும் தொடாமலேயே அவுட். போனஸ் கோட்டைத் தாண்டிக் காலை நீட்டுகிறவன் பெரும்பாலும் அவன் பக்கம்தான் நீட்டுவான். அந்தக் கால்தான் கார்னரின் சாப்பாடு. கணுக்காலைப் பிடிக்க வேண்டும், அதுவும் ஒரே தாவலில். முந்திப் போனால் ரைடர் தாண்டிக் குதித்துவிடுவான். பிந்தினால் கால் அங்கே இருக்காது.

சினிமாவில் கார்னரைப் பார்த்திருக்கிறீர்களா? 'கில்லி'யில் இருந்து 'வெண்ணிலா கபடி குழு', 'பைசன்' வரைக்கும் கேமரா பாடிப் போகிறவனோடுதான் போகிறது. தப்பில்லை. பாட்டு என்பது ஒரு கதை: போகிறான், தொடுகிறான், மூச்சைப் பிடித்துக்கொண்டு திரும்புகிறான். முப்பது விநாடியில் ஆரம்பம், நடு, முடிவு எல்லாம் இருக்கிறது. கார்னருக்குக் கதையே கிடையாது. இருபது பாட்டு வந்தால் பதினெட்டுக்கு நின்றுகொண்டே இருப்பான். பொறுமைதான் நல்ல கார்னருக்கு அழகு என்று பயிற்சியாளர்கள் சொல்வார்கள். நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்தேன். வயதும் ஒத்துழைக்கும் இடம் அது. பின்கள ஆட்டக்காரரான தஞ்சாவூர்ப் பக்கத்துச் சேரலாதன் தர்மராஜ், 40 வயதைத் தாண்டிய பிறகு, 2016இல் பாட்னா அணிக்குக் கேப்டனாக இருந்து புரோ கபடிக் கோப்பையை ஜெயித்தார். அதே வருஷம் அகமதாபாத்தில் உலகக் கோப்பை வென்ற இந்திய அணியிலும் இருந்தார்.

ஆனால் பொறுமை என்பது வெளியிலிருந்து தெரிகிற விஷயம். கார்னர் நிஜமாகச் செய்வது வேறு. அவன் தாவும்போது அவன் கண்ணுக்குத் தெரிவது ஒரு கால் மட்டும்தான். பக்கத்தில் இருக்கிறவன் வருகிறானா, கவர் வந்து இடுப்பைக் கட்டுகிறானா என்று பார்க்க முடியாது. பார்த்தால் கால் போய்விடும். எழுபது எண்பது கிலோ ஆளை ஒரு கணுக்காலை மட்டும் பிடித்து நிறுத்த முடியாது, அது அவனுக்கும் தெரியும். தெரிந்துதான் போகிறான்.

எங்கள் டீமில் நான் இடது இன். என் இடது கை எப்போதும் கார்னர் அண்ணனின் மணிக்கட்டில் இருக்கும். அவர் கையை உதறி விட்டால் அதுதான் சிக்னல், அடுத்த கணம் நான் உள்ளே பாய வேண்டும். கண்ணால் பார்க்கவே வேண்டாம். அவ்வளவு எளிமையான ஏற்பாடு.

அவர் தெற்குத் தெரு. நாங்கள் அப்போது காலனி என்றுதான் சொல்வோம். அந்தச் சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து எடுக்கப் போவதாக 2025இல்தான் அறிவித்தார்கள். எங்கள் டீமில் அந்தப் பக்கத்து ஆட்கள் ரெண்டு பேர், ரெண்டு பேரும் கார்னர். நன்றாக ஆடியதால்தான் அந்த இடம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது யோசித்தால் அது மட்டும்தானா என்று தோன்றுகிறது. ஓரத்தில் நிற்கிறவனுக்கு ஒரு பக்கம்தான் கை கோக்க ஆள் உண்டு.

களத்துக்குள் அவரை 'அண்ணே' என்று கூப்பிடுவேன். என்னைவிட ரெண்டு வயசு மூத்தவர், அவர் என்னைத் 'தம்பி' என்பார். கடைத்தெருவில் பார்த்தால் பேசுவேன், ஆனால் அண்ணே என்று வாயில் வராது. எதுவுமே சொல்லிக் கூப்பிடாமல் பேசப் பழகியிருந்தேன். "நாளைக்கு பிராக்டிஸ் உண்டா?" "சாப்டாச்சா?" இப்படி. யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. எங்கள் பக்கத்தில் அது தானாக வந்துவிடும். அவரும் அதைக் கவனித்த மாதிரி காட்டிக்கொண்டதில்லை.

பொங்கலை ஒட்டிய ஒரு போட்டி. அரையிறுதி, ராத்திரி ஒரு மணி இருக்கும், ஒரு புள்ளி முன்னால் இருக்கிறோம். எதிர் டீமின் பெரிய ரைடர் வந்தான். அண்ணன் பக்கம் காலை நீட்டினான். என் கையிலிருந்து அவர் மணிக்கட்டு விடுபட்டது. தெளிவாக, சந்தேகமே இல்லாமல் விடுபட்டது.

நான் நின்றேன். அரை நொடி இருக்கும். பிறகு பாய்ந்தேன், அதற்குள் அந்த ஆள் திரும்பி, அண்ணனைக் காலோடு சேர்த்து நாலடி இழுத்துக்கொண்டு போய் நடுக்கோட்டைத் தொட்டுவிட்டான். தோள் இறங்கிப்போன நிலையில் அண்ணன் கீழே கிடந்தார். என் கை யார் மேலும் படவில்லை. அதனால் அவர் அவுட். நான் உள்ளே.

நியூசிலாந்தில் பிறந்த தத்துவவாதி அனெட் பையர் 1986இல் நம்பிக்கையைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். நம்புவது என்றால், அடுத்தவர் நமக்குக் கெடுதல் செய்யக்கூடிய இடத்தில் நம்மைத் தெரிந்தே வைத்துக்கொள்வது, ஆனால் அவர் அப்படிச் செய்ய மாட்டார் என்று எடுத்துக்கொள்வது. கிட்டத்தட்ட இதுதான் அவர் சொன்னது. இதைப் படித்தபோது எனக்கு அந்த மணிக்கட்டுதான் ஞாபகம் வந்தது. வள்ளுவர் 'தெரிந்து தெளிதல்' என்று ஒரு அதிகாரமே வைத்திருக்கிறார், ஆராய்ந்து பார்த்துவிட்டு நம்பச் சொல்கிறார். அரசன் மந்திரியைத் தேர்ந்தெடுப்பதற்கு அது சரி. தாவுகிறவனுக்கு ஆராய நேரம் ஏது? அதுவும் போக, அவர் என்னை எதை வைத்து ஆராய்ந்திருப்பார்? கடைத்தெருவில் நான் பேசுகிற விதத்தை வைத்து ஆராய்ந்திருந்தால் அவர் அந்தக் காலைத் தொட்டிருக்கவே மாட்டார்.

ரக்பி லீக் என்று ஒரு ஆட்டம் இருக்கிறது. வட இங்கிலாந்தின் சுரங்க, ஆலைத் தொழிலாளிகள் ஊர்களில் வேர்விட்டது. ஆடுவதற்காக வேலையை விட்டு வரும் நாளுக்கான கூலியைக் கொடு என்று கேட்டு 1895இல் ஹடர்ஸ்ஃபீல்டில் பிரிந்துபோன கிளப்புகள் தொடங்கியது. இன்று அதிகம் பார்க்கப்படுவது ஆஸ்திரேலியாவில். பதின்மூன்று பேரில் ரெண்டு ஓரத்திலும் ஒருத்தன், விங்கர். பழைய காலத்தில் பந்தை வாங்கி ஓடினால் போதும் என்று இருந்த இடம். இப்போது தன் பக்கக் கோட்டோரம் பந்தை எடுத்து முதல் மோதலுக்குப் போகிறவர்களில் அவனும் ஒருத்தன், பார்ப்பதற்கு அழகே இல்லாத வேலை. தற்காப்பில் அவனுக்கு ஒரு சிக்கல் உண்டு. எதிராளிகள் எண்ணிக்கையில் அதிகமாக வரும்போது உள்ளே போய் மோதுவதா, ஓரத்திலேயே நிற்பதா? உள்ளே போனால் பக்கத்தில் இருக்கிறவனும் கூடவே நகர வேண்டும். அவன் நகராவிட்டால் விங்கர் இருந்த இடம் காலியாகி அதன் வழியாகவே பந்து போய்விடும். டிவியில் தெரிவது காலியான ஓரம். திட்டு விங்கருக்குத்தான்.

கபடியிலும் கணக்கு அப்படியே. அஞ்சு பேர் மேலே விழுந்து அமுக்கினாலும் டேக்கிள் புள்ளி ஒருத்தர் பேரில்தான் ஏறும். பிடி நழுவினால் தோற்ற பிடியும் முதலில் போனவர் கணக்கில். புரோ கபடியில் அதிக டேக்கிள் புள்ளி எடுத்த இரான்காரர் ஃபாசல் அத்ராச்சலி ஒரு இடது கார்னர். அவர் காலை அமுக்கிய வேகத்தைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். நான் அந்த வீடியோக்களில் அவருக்குப் பக்கத்தில் நிற்கிறவனைத்தான் பார்க்கிறேன். எப்படி யோசிக்காமல் போகிறான்!

அப்படியானால் நல்ல கார்னர் என்பது யார்? அன்று ராத்திரி அண்ணன் செய்தது எல்லாமே சரி. நேரம் சரி, கால் சரி, பிடி சரி. ஆனால் அந்தப் பிடியை மோசமான பிடி ஆக்கியது என் அரை நொடி. "அவசரப்பட்டுட்டாம்ல," என்று ஓரத்தில் நின்ற பெரியவர்கள் சொன்னார்கள். என் காதில் விழுந்தது. நான் மறுத்துப் பேசவில்லை. நல்லவனாக இருப்பது நம் கையில் மட்டும் இல்லை, அதில் அதிர்ஷ்டத்துக்கும் பங்கு உண்டு என்ற பிரச்சினையை பெர்னார்ட் வில்லியம்ஸும் தாமஸ் நேகலும் 1976இல் கிளப்பினார்கள், இன்னும் விவாதம் ஓய்ந்தபாடில்லை. எனக்கு அதில் ஒரு எரிச்சல் உண்டு. அண்ணனுக்கு நேர்ந்ததை அதிர்ஷ்டம் என்று சொன்னால் நான் தப்பித்துவிடுகிறேன். நான் மழையும் இல்லை, வழுக்கின மண்ணும் இல்லை.

ஏன் நின்றேன் என்பதற்கு மூன்று பதில் வைத்திருக்கிறேன். பயம்: அந்த ரைடர் மாடு மாதிரி இருந்தான். கணக்கு: நான் உள்ளே இருந்தால் டீமுக்கு ஒரு ஆள் மிச்சம். மூன்றாவது பதிலை எழுத எனக்கு இத்தனை வருஷம் ஆயிற்று. விழுந்தது வடக்குத் தெருப் பையனாக இருந்தால் நின்றிருப்பேனா? பயந்திருந்தாலும் உடம்பு போயிருக்குமோ? சோதித்துப் பார்க்க வழியே இல்லை. அரை நொடியில் மனசு எதையும் முடிவு செய்யாது, உடம்புதான் செய்யும் என்பார்கள். சரி, அந்த உடம்பைப் பழக்கியது யார்? கடைத்தெருவில் அண்ணே என்று சொல்லாமல் பேசிய அதே வாய், அதே உடம்புதானே களத்திலும் நின்றது?

2023இல் நாங்குநேரியில் பள்ளி மாணவனை வீடு புகுந்து வெட்டிய பிறகு, அரசு ஓய்வு பெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் ஒரு குழு போட்டது. மாணவர்கள் கையில் சாதியைக் காட்டும் கலர் கயிறு கட்டக் கூடாது என்று 2024இல் அது பரிந்துரைத்தது. செய்தியைப் படித்தபோது என் உள்ளங்கைதான் அதை முதலில் புரிந்துகொண்டது. அண்ணன் மணிக்கட்டில் ஒரு கயிறு இருந்தது. என் மணிக்கட்டில் வேறு கலர். நாலு வருஷம் அந்தக் கயிற்றின் மேல்தான் கை வைத்து நின்றேன். வியர்வையில் ஊறி அது என் உள்ளங்கையில் அச்சு விழுந்திருக்கும், வீட்டுக்குப் போவதற்குள் மறைந்துவிடும்.

விளையாட்டு சாதியைப் போக்கும் என்று மேடையில் பேசுகிறவர்களை எனக்குப் பிடிக்காது. களத்தில் நாற்பது நிமிஷம் கை கோப்பது நிஜம்தான், பொய் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த நிஜத்துக்கு முதலில் விலை கொடுப்பவர் யார் என்று அவர்கள் கேட்பதில்லை. நான் நம்பியிருக்கிறேனா என்று யாரும் சோதிக்கவில்லை. அவர்தான் ஒவ்வொரு தடவையும் முதலில் பாய வேண்டியிருந்தது.

போன தை மாதம் ஊருக்குப் போயிருந்தேன். சாயங்காலம் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் பொடியன்களுக்கு அண்ணன் ஆட்டம் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார். வலது கையைத் தோளுக்கு மேல் தூக்க மாட்டார். சுண்ணாம்புக் கோடு போடக் கயிறு பிடிக்க ஆள் தேடினார், நான் போய் ஒரு முனையைப் பிடித்தேன்.

கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டேன். "அண்ணே, அன்னிக்கு நான் ஏன் லேட்டா வந்தேன்னு நெனைக்கீங்க?"

அவர் சுண்ணாம்பு தூவிக்கொண்டே சொன்னார். "எனக்கு எப்பிடித் தம்பி தெரியும்? நான் காலையில்லா பாத்துக்கிட்டு இருந்தேன்." பிறகு பையன்கள் பக்கம் திரும்பி, "ஏலே, அங்க என்ன பேச்சு? இன்ல நிக்கவன் எங்கல?" என்று சத்தம் போட்டார். "கயித்த நல்லா இழுத்துப் புடிங்க," என்று என்னிடம் சொன்னார்.