இலவு காத்த கிளியும் கற்படுக்கையும்

மதுரையைச் சூழ்ந்த சமணக் குன்றுகளைத் தரிசிக்கச் செல்லும் நம்மவர் பலர் மாட்டுத்தாவணிப் பேருந்து நிலையத்தில் இறங்குகின்றனர். மாட்டுச் சந்தையால் பெயர் பெற்ற அவ்விடத்திலிருந்து மேலூர்ச் சாலையில் சென்றால் ஒத்தக்கடை, அதனருகே யானைமலை. அம்மலைக் குகைத்தளத்தில் முனிவர் துயின்ற கற்படுக்கைகளும் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டும் உள்ளன.

கற்படுக்கையைத் தொட்டுப் பார்த்தபோது, முந்தைய இரவு விடுதியில் நாம் படுத்த இலவம்பஞ்சு மெத்தை நினைவில் எழுந்தது. சற்று நாணமும் உண்டாயிற்று. உடன்வந்த பெரியவர், "நாம் வீடுபேற்றுக்குக் காத்திருப்பது இலவு காத்த கிளியின் கதையாகிவிடுமோ!" என்றார்.

அக்கிளியைப் பற்றிச் சற்று எண்ணுவோம். கோடையை ஒட்டி இலையுதிர்த்து நிற்கும் இலவில் பசுங்காய்கள் தொங்குகின்றன. பழுக்குமெனக் காத்திருந்த கிளி, காய் வெடித்துப் பஞ்சு பறக்கக் கண்டு ஏமாந்து அகல்கிறது. ஆனால் அப்பஞ்சினுள் மிளகையொத்த கரிய விதைகள் உள்ளனவே! (நம் நாட்டு முள்ளிலவு வேறு, போடிநாயக்கனூர்ப் பக்கம் பஞ்சுக்காக வளர்க்கப்படும் இலவு அமெரிக்க வெப்ப நாடுகளிலிருந்து வந்தது. இரண்டிலும் பஞ்சினுள் விதையுண்டு.) மேற்கு ஆப்பிரிக்காவில் அவ்விதையை வறுத்தும் பொடித்தும் உண்கின்றனர். எண்ணெய் எடுத்தபின் எஞ்சும் பிண்ணாக்கு மாட்டுக்குத் தீனி. உணவு கண்முன் இருந்தும், கனியையே எண்ணியிருந்த கிளிக்கு அது தென்படவில்லை. காட்சிப் பிழையென்று நம் ஆகமம் கூறுவதற்கு இதனினும் எளிய சான்று வேண்டுமோ?

வித்தும் ஓருயிர்தானே, அதனை உண்ணாது சென்ற கிளி அகிம்சையன்றோ காத்தது என்று சிலர் வினவலாம். நாம் அதற்கு உடன்படவில்லை. அறியாமல் விட்டது விரதமாகாது. கிளி ஏமாந்தது; துறக்கவில்லை. இலவின் மென்மையை அறிந்த நாட்டில், அதனை வேண்டாமென்று கல்லில் துயின்றோரே துறந்தவர்.

நம் இல்லங்களில் வணிகம் நொடித்தபின் நோன்பு மேற்கொள்வோரைத் துறவுள்ளம் வாய்த்தவரென்று புகழ்கிறோம். அவர்களுள் சிலர் பின்னர் உண்மையான பற்றின்மையை எய்துவதும் உண்டு, மறுப்பதற்கில்லை. எனினும் பொருள் மீண்டும் வந்தால் அந்நோன்பு நிற்குமா என்பதை அவரவரே அறிவர்.

மலையிறங்கி மாட்டுத்தாவணிக்குத் திரும்பும் வரை பெரியவர் பேசவில்லை. பேருந்து ஏறுமுன், "தசலட்சண நாட்களில் நான் பாயில் படுப்பது முதுகுவலிக்காகத்தான்" என்று சிரித்துக்கொண்டே கூறினார்.