இல்லை என்று யார் சொன்னது?

"அந்த ஆப்ஷனே இல்லை சார்!"

கெர்னலைக் கம்பைல் செய்ய உட்காரும் திருச்சி மாணவர்களிடம் நான் அடிக்கடி கேட்கும் புலம்பல் இது. தம்பி, கண்ணில் படவில்லை என்று சொல். இல்லை என்று தீர்ப்பெழுத உனக்கென்ன அவசரம்?

லினக்ஸின் மெனுகான்ஃபிக் திரையில் ஒரு அமைப்பு தென்படவில்லையா? அது சார்ந்திருக்கும் இன்னொன்று அணைந்து கிடக்கும். சாய்கோட்டை அழுத்திப் பெயரைத் தேடு. மறைந்து கிடப்பதும் வரும். எது அணைந்திருப்பதால் மறைந்தது என்பதும் வரும். பல அமைப்புகள் 'எக்ஸ்பர்ட்' என்ற ஒற்றைக் கதவுக்குப் பின்னால் இருக்கின்றன. 2011க்கு முன் அந்தக் கதவின் பெயர் 'எம்பெடெட்'. நிபுணர்களுக்கு மட்டும் என்று பலகை தொங்குகிறதே என நடுங்காதே. 'ஒய்' அழுத்தினால் திறந்துவிடும். அது உன் மார்க் ஷீட்டைக் கேட்பதில்லை!

பெயர் மாறியிருந்தால்தான் கொஞ்சம் வம்பு. 2024இல் 'ரெட்போலின்' என்ற பாதுகாப்பு அமைப்புக்கு 'மிட்டிகேஷன்' என்ற முன்னொட்டு சேர்ந்தது. பழைய கான்ஃபிக் கோப்பில் அதை அணைத்து வைத்திருந்தாயா? புதுக் கெர்னலில் 'ஓல்ட்டெஃப்கான்ஃபிக்' கட்டளையை ஓட்டினால் பழைய பெயர் சத்தமில்லாமல் உதிரும். புதுப் பெயரில் அது விழித்துக்கொள்ளும். பெயரை நம்பியவன் ஏமாந்தான்.

மறைந்தது வேறு, இல்லாதது வேறு என்று புரியாத ஊரா உன் திருச்சி? 1323இல் தில்லிப் படை வந்தபோது ஸ்ரீரங்கத்தில் மூலவரைக் கல்திரையிட்டு மறைத்தார்கள். உற்சவர் அழகிய மணவாளர் ஊர் ஊராக அலைந்து 1371இல்தான் திரும்பினார். 48 ஆண்டுகள்! அதற்குள் இன்னொரு திருமேனி சந்நிதியில் இருந்தது. எது பழையது? அடையாளம் சொல்ல ஆளில்லை. கண் தெரியாத முதிய சலவைத் தொழிலாளி ஒருவர் இரு திருமேனிகளும் நீராடிய ஈரவாடையைப் பிழிந்த தீர்த்தத்தைப் பருகிப் பார்த்து, இவரே நம்பெருமாள் என்றாராம். அன்று முதல் அந்தப் பெயரே நிலைத்தது என்கிறது கோயில் மரபு. பார்வையில்லாதவர் சோதித்துச் சொன்னார். கண்ணிருக்கும் நீ திரையைப் பார்த்ததும் கைவிரிக்கிறாய்!

சில அமைப்புகளை உண்மையிலேயே நீக்கியும் இருப்பார்கள். அதையும் தேடிய பிறகு சொல்.

இன்றிரவு சத்திரம் பேருந்து நிலையத்தில் பஸ் பிடித்து வீடு சேர்ந்ததும் லேப்டாப்பைத் திற. நேற்று இல்லை என்று மூடினாயே, அதே திரை. சாய்கோட்டை அழுத்து.